துக்க வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்

வருடக் கடைசி நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களின் நிறமே மாறிவிடும். கல்லறைத் திருநாள் முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் வரப்போகும், போன வருடம் கூட இருந்தவர் இந்த வருடம் இல்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை துக்கத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எங்களுக்கு வந்தது, "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்ற வசனம். சந்தோஷத்தில் லேமினேட் பண்ணி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். ஈரலில் புற்றுநோய், வயது 44. உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், "சுகமாகிவிட்டது என்று அறிக்கை பண்ணுங்கள்" என்றார்கள், அதையும் பண்ணினோம். இப்போது சபையில் ஒருவர், "எங்கேயோ விசுவாசத்தில் குறை இருந்திருக்கிறது" என்கிறார். அந்த அட்டையைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.
– வாசகி, நாசரேத்

தங்கச்சி, விசுவாசக் குறை என்று சொன்னாரே, முதலில் அந்தப் பேச்சைத் தூக்கி வெளியே போடுவோம். இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டார்கள், இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் இருந்த எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார் (லூக்கா 13). பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பேரைச் சுகமாக்கினவர், ஆனால் தன் கூடவே ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலின் விசுவாசத்தில் குறை என்று யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறோமா?

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே அப்போஸ்தலன் யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால் கொன்றுபோடுகிறான், அதற்கு ஒரே ஒரு வசனம்தான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வருகிறான். ஒரே ராஜா, ஒரே சபை, ஒரே ஆண்டவர். ஒருவர் வீடு திரும்பினார், ஒருவர் திரும்பவில்லை. ஏன் என்று, இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரி கூட எழுதவில்லை. அவர் விளக்காத இடத்தில் உங்கள் சபைக்காரர் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த அட்டை. அது 91-ம் சங்கீதத்தின் கடைசி வசனம். இந்தச் சங்கீதத்தை வசனத்தோடு எடுத்து இயேசுவுக்கு முன்னால் நீட்டியவன் யார் தெரியுமா? தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்தி, "தாழக் குதியும், உம்முடைய பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் ஏந்திக்கொண்டு போவார்கள்" என்று சொன்ன பிசாசு. அந்தச் சங்கீதம் யாருக்காவது நூற்றுக்கு நூறு பொருந்தும் என்றால் இயேசுவுக்குத்தான் பொருந்த வேண்டும். அவரே அதைக் கையில் வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கவில்லை, நீடித்த நாட்களும் அவருக்குக் கிடைக்கவில்லை, முப்பது சொச்சம் வயதில் சிலுவையில் செத்தார். நான் சங்கீதத்தைக் குறை சொல்லவில்லை. ஆபத்தில் இருந்த ஒரு மனுஷன் தேவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடிய பாட்டு அது. அதிலிருந்து ஒரு வரியை வெட்டி அச்சடித்து, குலுக்கிப் போட்டு, வருடத்துக்கு ஒன்று என்று கையில் கொடுக்கும்போது அது உத்தரவாதப் பத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. உடைந்தது அந்தப் பத்திரம்தான். ஆண்டவரோடு உங்களுக்கு இருந்த உறவும் அதோடு சேர்ந்து உடைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சங்கீதங்களில் வேறு குரலும் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே, கடைசி வரை ஆறுதலே வராமல் இருட்டிலேயே முடிகிறது. "ஸ்தோத்திரம்" என்று முடிக்க ஒரு வரி கூட அதில் சேர்க்கவில்லை, அப்படியே வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷனும் விசுவாசிதான். யாரிடம் கோபப்படுகிறாரோ அவரிடமேதான் பேசுகிறார், வேறு பக்கம் திரும்பிப் போகவில்லை. அதை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தமாகப் படியுங்கள். உங்களுக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் அது கிடைக்கும்.

இன்னொரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, இது உங்களுக்கு அல்ல, ஊழியர்களுக்கு. "சுகமாகிவிட்டது என்று அறிக்கை பண்ணு" என்று சொல்லிச் சொல்லியே, போகப் போகிற மனுஷன் "நான் போகப் போகிறேன்" என்று மனைவியிடம் சொல்ல முடியாமல் பண்ணிவிடுகிறோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, வீட்டுக் கடனைப் பற்றி, எங்கே அடக்கம் பண்ண வேண்டும் என்பதைப் பற்றி, ஏன், உன்னோடு வாழ்ந்தது நல்லா இருந்தது என்று சொல்வதற்குக் கூட இடமில்லாமல், அவநம்பிக்கைப் பேச்சு என்று வாயை அடைத்துவிடுகிறோம். இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டே அம்மாவை யோவான் கையில் ஒப்படைத்தார். சாவை ஒத்துக்கொண்டு பேசினால் விசுவாசம் போய்விடும் என்றால் அவர் அதைச் செய்திருக்க முடியாது.

அட்டையைக் கிழிக்க வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். எடுத்து வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள். என்றைக்காவது பார்க்கத் தோன்றினால் பார்க்கலாம், தோன்றாவிட்டாலும் பாவமில்லை.

அம்மா இறந்து எட்டு மாதம். ஜெபிக்க முட்டி போட்டால் வார்த்தையே வரவில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது நான் மரக்கட்டை மாதிரி நிற்கிறேன். நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா?
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை தம்பி. விட்டுவிட்டவர் எழுதுகிற கடிதம் இப்படி இருக்காது.

மாற்கு 2-ல் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது, படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. இப்போது நீங்கள் படுக்கையில் கிடக்கிற ஆள், தூக்குவது சபையின் வேலை. மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் நில்லுங்கள். சொந்த ஜெபம் வராவிட்டால் பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லுங்கள், அதுவும் முழுதாக வராவிட்டால் "எங்கள் பிதாவே" வரை சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். அன்னை தெரசா ஏறக்குறைய ஐம்பது வருடம் ஜெபத்தில் வெறுமையைத்தான் உணர்ந்தார் என்பது அவர் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தினமும் காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், ஏழைகளிடம் போனார், உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. 2016-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கமே இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று இருந்தால் ஒரு மருத்துவரையும் பாருங்கள். அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை.

என் தம்பிக்கு 24 வயது. போன மார்ச்சில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். பங்குத்தந்தை திருப்பலி வைத்து முறைப்படி அடக்கம் செய்தார். ஆனால் பெரியம்மா, "அவனுக்கு மோட்சம் கிடையாது, பூசை வைத்துப் பிரயோசனம் இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா பேசுவதே இல்லை.
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் அக்கா சொன்னது திருச்சபையின் போதனை கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2282, 2283 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. கடுமையான மனநோயோ, தாங்க முடியாத வேதனையோ, பயமோ இருந்தால் அந்த ஆளின் பொறுப்பு குறைந்துபோகும் என்று முதலாவதில் இருக்கிறது. இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனந்திரும்ப வாய்ப்பளிக்கக் கடவுளால் முடியும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்று இரண்டாவதில் இருக்கிறது. உங்கள் அக்கா சின்ன வயதில் வேறு மாதிரி கேட்டிருக்கலாம், ஏனென்றால் 1917-ல் வந்த பழைய திருச்சபைச் சட்டத்தில் அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்களும் இருந்தார்கள். 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் பங்குத்தந்தை செய்தது இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை, உங்கள் மகனுக்கு உரியதைச் செய்தார்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய இறைவாக்கினர், பாலைநிலத்தில் ஒரு செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு "ஆண்டவரே, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றார். கடவுள் திட்டவில்லை. தூங்க விட்டார். தூதரை அனுப்பிச் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார், சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தபோதும் விட்டுவிட்டார். உங்கள் மகன் படுத்த நேரத்தில் அந்த அப்பம் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, கடவுளிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் போதும் என்று சொன்ன ஒருவரை அவர் எப்படி நடத்துவார் என்பது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. அன்று போனை எடுத்திருந்தால், அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று மனசு ஓடும். கூடப் பிறந்தவர்களுக்கு இது மிகவும் கனம். உங்களுக்கே வாழ்வது கஷ்டமாகத் தோன்றுகிற நாளில் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அம்மாவும் பேசலாம்.

அப்பா 2017 நவம்பரில் தங்கல் தொழிலுக்குப் போனவர். ஒக்கிப் புயலுக்குப் பிறகு உடலும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் தாலியைக் கழற்றவில்லை, சொந்தக்காரர்கள் குத்திக் காட்டுகிறார்கள். கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி வைப்பார்கள், எங்களுக்கு வைக்க இடமில்லை. காத்திருப்பதா, செபித்து முடிப்பதா?
– வாசகி, தூத்தூர் வட்டாரம்

மகளே, உடலைப் பார்த்து அழுதவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் கரையில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்களிடம் எச்சரிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே காற்று வந்துவிட்டது. அந்த நவம்பர் 29, 30-ல் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதலாம் என்கிறது சட்டம், அந்த ஏழு வருடமும் 2024-ல் கடந்துவிட்டது. சட்டத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. அம்மாவின் மனசுக்கு அப்படி இல்லை. தாலி விஷயத்தில் யாரும் வாய் திறக்க வேண்டாம், அது அவர் கழுத்து, அவர் கல்யாணம்.

உடல் இல்லாமல் திருப்பலி வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். பங்குத்தந்தையிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், அப்பாவின் பெயரைச் சொல்லிச் செபிக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் அப்பா பெயரில் ஒரு சின்னக் கல் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் சுனாமியில் போனவர்களை ஒரே குழியில் அடக்கியிருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் குடும்பங்கள் பூவும் மெழுகுதிரியுமாக அங்கேதான் வந்து நிற்கின்றன.

திருப்பலி வைத்தால் காத்திருப்பதை விட்டுவிட்டோம் என்று அம்மா பயப்படலாம். திருவெளிப்பாடு 20-ம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைசி நாளில் முதலில் கடல்தான் தன்னிடம் இருக்கிற இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது, பாதாளம் அதற்கு அடுத்துத்தான். கடலில் போனவர்களைக் கடவுள் தனியாகக் கணக்கில் வைத்திருக்கிறார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அதனால் அம்மா காத்திருக்கலாம், செபிக்கவும் செய்யலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் அவரை நெருக்க வேண்டாம்.

துக்க வருஷத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் போடலாமா? கணவர் வீட்டில் கூடாது என்கிறார்கள். பையனுக்கு ஆறு வயது, கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
– வாசகி, மார்த்தாண்டம்

போடுங்கள். புது உடுப்பு வேண்டாம், பலகாரம் சுட வேண்டாம் என்று பெரியவர்கள் நினைத்தால் அது அவர்கள் துக்கம், மதித்துவிட்டுப் போகலாம். கூடாது என்று வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே, ஏரோது கொன்ற குழந்தைகளுக்காக அழுத பெத்லகேம் தாய்மார்களின் அழுகை இருக்கிறது, ராகேல் ஆறுதல் அடையாதிருக்கிறாள் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். அழுகிற வீட்டுக்கும் அந்த ஸ்டார் பொருந்தும். பையனையே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டியவன் என் மகனை மோதிக் கொன்றான். "மன்னித்து, கேஸை வாபஸ் வாங்கு" என்கிறார் பாஸ்டர். என்னால் முடியவில்லை.
– வாசகர், ஓசூர்

அண்ணா, இரண்டு வெவ்வேறு காரியங்களை அவர் ஒன்றாகக் கட்டியிருக்கிறார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவர் மகன்கள் பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமோத்தியும் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டேன் என்றார், பாரிபடாவில் தொழுநோயாளர் இல்லத்து வேலையையும் விடாமல் தொடர்ந்தார். ஆனால் வழக்கு அது பாட்டுக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பை அது எந்த விதத்திலும் குறைக்கவில்லை.

வழக்கை நடத்துங்கள். விபத்து இழப்பீட்டு மனு இன்னும் போடவில்லை என்றால், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள். மன்னிப்பு வருகிற நேரத்தில் வரட்டும். இப்போதைக்கு "ஆண்டவரே, அவன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் உமக்குத் தெரியும்" என்று சொல்ல முடிந்தால் அதுவே ஜெபம்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் துக்க வீடுகளைச் சந்திக்கும் பொறுப்பு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்ன பேசுவது, எந்த வசனம் வாசிப்பது என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது, வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில், யோபு பேசியது போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாகப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களைக் கடிந்துகொண்டார். புலம்பித் தீர்த்த யோபு பேசியதுதான் சரி என்றார்.

அதனால் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். அதைச் சொன்னவர் யோபு, தன் துக்கத்தைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் துக்கத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்பதும் இப்போது வேண்டாம். "எங்களுக்கும் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள், ஒரு சின்ன சங்கீதம் வாசியுங்கள், நீளமான ஜெபம் வேண்டாம். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று தவிர்க்காதீர்கள், அவர்கள் எப்படியும் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் வேலை. இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும், பேங்க், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் என்று பத்து வேலை வரிசையில் நிற்கும், அந்த வீட்டில் யாருக்கும் தலை நிமிராது. உங்கள் ஐக்கியத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பதாம் நாள் ஜெபம் வரைக்கும் வீட்டில் கூட்டம் இருக்கும். அதற்குப் பிறகு மூன்றாம் மாதம், நாலாம் மாதம் போவதற்கு இப்போதே நோட்டில் தேதி குறித்து வையுங்கள், போகும்போது மத்தியானச் சாப்பாட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.